ஆம்புலன்ஸ் ஊழியரும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

ஊரில் ஒருவர் திடீரென நினைவிழந்து விழுந்தாலும், கர்ப்பிணிப் பெண்ணுக்கு நள்ளிரவில் வலி கண்டாலும், சாலையில் விபத்து நேர்ந்தாலும் 108 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். தமிழ்நாட்டில் இச்சேவை 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் தேதி தொடங்கப்பட்டது. அழைப்பிற்கும் கட்டணம் இல்லை, ஊர்திக்கும் கட்டணம் இல்லை. மாநிலம் முழுவதும் 1,300க்கு மேற்பட்ட ஊர்திகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர்தியில் வருகின்ற இருவர் யார், அவர்களுடைய வேலை எத்தகையது, அவ்வேலை செம்மையாக நடைபெறுவதற்கு ஊரார் செய்ய வேண்டுவது யாது என்பன பற்றி நம் கிராமங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

பல ஆண்டுகளாக இப்பணியில் இருக்கும் ஓட்டுநர்களுடனும் உதவியாளர்களுடனும் நாம் உரையாடியதுண்டு. அவர்கள் அனைவரும் ஒரே குரலில் கூறும் செய்தி ஒன்று உண்டு. பெருஞ்சாலையில் அவர்கள் நேரத்தை இழப்பதில்லை. ஊர் எல்லைக்குள் நுழைந்த பிறகே இழக்கிறார்கள். பதினைந்து கிலோமீட்டரை விரைவாகக் கடந்து வந்தவர்கள், கடைசி ஒரு பர்லாங்கில் நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு பர்லாங்கு அரசாங்கத்தின் பொறுப்பிலும் இல்லை, ஆஸ்பத்திரியின் பொறுப்பிலும் இல்லை. அது பஞ்சாயத்தின் பொறுப்பிலும் விவசாயிகளாகிய நம் பொறுப்பிலும் உள்ளது. ஆகவே இக்கட்டுரையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

வண்டியில் வரும் இருவர்

ஒவ்வொரு ஊர்தியிலும் ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பர். ஓட்டுநரைப் 'பைலட்' என்றும், உதவியாளரை 'இ.எம்.டி.' என்றும் அத்துறையில் அழைக்கிறார்கள். இருவருக்கும் பன்னிரண்டு மணி நேர வேலை. பகல் ஒரு முறை, இரவு ஒரு முறை.

ஓட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், முறையான ஓட்டுநர் உரிமமும், சில ஆண்டு அனுபவமும் வேண்டும் என விளம்பரங்களில் காண்கிறோம். குறைந்த அளவு 162.5 சென்டிமீட்டர் உயரமும் கேட்கப்படுகிறது. நோயாளியைத் தூக்குபடுக்கையில் ஏற்றி இறக்கும் வேலையில் ஓட்டுநருக்கும் பங்குண்டு. மூன்று மாடிப் படிக்கட்டிலிருந்து ஒருவரைச் சுமந்து இறக்கிய பிறகே அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க நேரிடும். உதவியாளராக வருபவர்கள் நர்ஸிங் பயின்றவர்கள், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள். இவர்களைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி அளித்த பின்னரே வண்டியில் அனுப்புகிறார்கள். பெண்கள் பலர் இவ்வேலையில் இருக்கின்றனர். நம் ஊர்களில் தாவரவியல் பட்டம் பெற்றுவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் இப்படியொரு பணி உண்டென்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். சம்பளம் பெரிதென்று சொல்வதற்கில்லை. உடல் உழைப்போ கடுமையானது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உதவியாளர் டாக்டர் அல்லர். ஆனால் கையில் கருவிகளோடும் செவியில் டாக்டரின் குரலோடும் வேலை செய்பவர். பிராணவாயு கொடுப்பார், குருதிப் பெருக்கை நிறுத்துவார், கழுத்தெலும்பு அசையாமல் பட்டை கட்டுவார், சர்க்கரை அளவு பார்ப்பார். ஐயம் ஏற்பட்டால் கட்டுப்பாட்டு அறையிலுள்ள டாக்டரைத் தொலைபேசியில் கேட்டுச் செய்வார். பிரசவம் வழியிலேயே ஆகிவிடும் போலிருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தச் செய்து அவரே பிரசவம் பார்ப்பார். அந்த நேரத்தில் ஓட்டுநர் கீழே இறங்கி விளக்குப் பிடிப்பதும், போகிற வண்டிகளை விலக்கி விடுவதும் உண்டு. ஒரு குழந்தையின் முதல் அழுகையை நெடுஞ்சாலை ஓரத்தில் கேட்பது இவர்களுக்கு அபூர்வமான அனுபவம் அன்று.

ஆம்புலன்ஸ் ஊழியத்தில் நம்மவர்க்குப் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியடிகள் சுமார் 1,100 இந்தியர்களைத் திரட்டி ஓர் ஆம்புலன்ஸ் படை அமைத்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்தவர்கள். நேட்டாலுக்கு அவ்வாறு சென்றவர்களில் தமிழர் மிகப் பலர். மோட்டார் வண்டி இல்லாத அக்காலத்தில், காயமுற்றவர்களைத் தூக்குபடுக்கையில் வைத்துத் தோளில் சுமந்து, நாளொன்றுக்கு இருபது இருபத்தைந்து மைல் தூரம் நடந்திருக்கிறார்கள். இன்று வண்டி வந்துவிட்டது. தூக்குபடுக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பிடிக்க நான்கு கைகள் வேண்டும் என்பதும் அப்படியே இருக்கிறது.

எந்தப் புதூர்?

நாம் 108ஐ அழைக்கும்போது, மறுமுனையில் பேசுபவர் சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். அவருக்கு நம் ஊரின் ஆலமரமும் தெரியாது, பால் சொசைட்டியும் தெரியாது. ஆகவே அவர் மாவட்டம், வட்டம், ஊர், பக்கத்து அடையாளம் என வரிசையாகக் கேட்பார். பதற்றத்தில் இருப்பவருக்கு இது வீண் விசாரணையாகத் தோன்றும். "ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது தாலுகா எதற்கு?" என்று சினந்து தொலைபேசியை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. வைத்துவிட்டால் வண்டி வரும் வழி அடைபடுகிறது.

தமிழ்நாட்டில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரே ஒன்றியத்தில் இரண்டு மூன்று இருப்பதும் உண்டு. இவை போதாவென்று மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, தோட்டம் என ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பொதுப் பெயர்கள் உள்ளன. நாமறிந்த ஒன்றியம் ஒன்றில் இவ்வாறு நேர்ந்தது. தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் மார்வலி கண்டு அமர்ந்துவிட்டார். அவருடைய மகன் உடனே அழைத்தான். ஊர்ப் பெயரை மட்டும் கூறினான். வண்டியும் உடனே புறப்பட்டது. ஆனால் அதே பெயருள்ள, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த மற்றொரு சிற்றூருக்குப் போய் நின்றது. திரும்பி வந்து தோட்டத்தை அடைந்தபோது காலம் கடந்துவிட்டது. ஊரார் ஓட்டுநரைச் சூழ்ந்துகொண்டு ஏசினர். அவர் பதில் ஒன்றும் பேசவில்லை. சொல்லப்பட்ட ஊருக்கே அவர் போயிருந்தார். மகனும் பொய் சொல்லவில்லை. அந்த ஊருக்குள் நுழைவதற்கு முன் பார்க்கத் தக்க பெயர்ப்பலகை ஒன்றுகூட அப்போது இல்லை.

பிறகு அந்தப் பஞ்சாயத்தார் செய்த காரியம் பாராட்டத்தக்கது. தார்ச்சாலையிலிருந்து பிரிகின்ற ஒவ்வொரு முனையிலும் பலகை நட்டார்கள். அதில் சிற்றூரின் பெயர் மட்டுமின்றிப் பஞ்சாயத்தின் பெயரும் வட்டத்தின் பெயரும் எழுதப்பட்டன. இரவில் வண்டி விளக்கொளி பட்டால் மின்னும் வர்ணம் பூசப்பட்டது. இதற்கான செலவு ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை. இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு தெருவிலும், ரேஷன் கடையிலும், பள்ளிச் சுவரிலும், "இந்த இடத்திலிருந்து அழைத்தால் இவ்வாறு சொல்லவும்" என்று மாவட்டம் முதல் அடையாளம் வரை முழு முகவரியை எழுதி வைத்தார்கள். எழுத்தறியாத முதியவர்கூடப் பக்கத்தில் நிற்கும் சிறுவனை விட்டுப் படிக்கச் சொல்லலாம் அல்லவா?

கைபேசி இருக்குமிடத்தைக் கருவி காட்டிவிடும் என்று நம் இளைஞர்கள் சொல்வார்கள். ஓரளவு காட்டும். ஆயினும் கோபுரத்திற்குத் தொலைவிலுள்ள சிற்றூர்களில் அதை மட்டும் நம்பியிருப்பது சரியன்று. பலகைக்கு மின்சாரமும் வேண்டா, சிக்னலும் வேண்டா.

வயல் நடுவிலுள்ள மோட்டார் கொட்டகைக்கும் தோட்டத்து வீட்டிற்கும் பலகையும் உதவாது. அங்கு ஆள்தான் உதவ வேண்டும். ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க, மற்றொருவர் டார்ச்சு விளக்குடன் சாலை முனைக்குப் போய் நிற்க வேண்டும். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் முன்னே ஓட்டிச் சென்று வழிகாட்டலாம். வண்டி புறப்பட்ட பின் ஓட்டுநர் நம்மைத் தொலைபேசியில் கூப்பிடுவார். அந்தக் கைபேசியை வேறு உறவினருக்குச் செய்தி சொல்வதிலேயே ஈடுபடுத்திவிட்டால் அவர் எப்படி நம்மை அடைவார்?

வேறு வண்டி கிடைத்துவிட்டது என்று நோயாளியை ஏற்றிக்கொண்டு போய்விட்டு, 108க்குச் சொல்லாமல் விடுவதும் வழக்கமாகியுள்ளது. வெறும் வாசலுக்கு வந்து நிற்கும் அந்த வண்டி, அதே வேளையில் வேறொரு வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டியது.

வேகத்தடையும் உளுந்துச் செத்தையும்

சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே கூறவேண்டியுள்ளது.

கிராமத்தார் தாமாகவே போடும் வேகத்தடைகள் ஆம்புலன்ஸ் ஊழியருக்குப் பெரும் துன்பம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள அளவின்படி, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் ஊர்களில் நாம் காண்பது என்ன? அரை அடி உயரத்தில் சுவர்போல எழுப்பிய சிமெண்டுக் கட்டி. அதன்மீது வர்ணமும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றிக்கொண்டு இதன்மீது வண்டி ஏறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே உதவியாளர் அமர்ந்திருப்பதில்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் நோயாளியின் முகமூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு குலுக்கலும் இருவரையும் தாக்குகிறது. குழந்தைகள் சாலையைக் கடக்கும் பள்ளி முன் வேகத்தடை வேண்டியதுதான். அதை நெடுஞ்சாலைத் துறையிடமோ ஒன்றியப் பொறியாளரிடமோ கேட்டு முறைப்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உளுந்து, எள், கேழ்வரகு, கொள்ளு முதலியவற்றைத் தார்ச்சாலையில் பரப்பி, போகும் வண்டிகள் மிதித்துச் செல்ல விடும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. உலர்களம் போதாமையே இதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். இக்குறையைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லிக் களம் கேட்பது விவசாயிகளின் உரிமை. ஆனால் செத்தையின்மீது விரைந்து வரும் வண்டி பிரேக் போட்டால் சறுக்கும். காய்ந்த தாள் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு தீப்பற்றவும் கூடும். சாலையின் பாதியை அடைத்து, காவலுக்குப் பெருங்கற்களை வைத்துவிட்டு, மாலையில் கற்களை அப்படியே விட்டுச் செல்வது இன்னும் மோசம். இருட்டில் அக்கற்கள் யாருக்கும் தெரிவதில்லை.

ஆம்புலன்ஸ் தாராளமாக நுழைந்து திரும்பச் சுமார் பத்தடி அகலமாவது தேவை. தெருவில் நிறுத்திய டிராக்டர் டிரெயிலர், வாசலைத் தாண்டி நீண்ட திண்ணை, தாழத் தொங்கும் கம்பி, தெருவை அடைத்துப் போட்ட கல்யாணப் பந்தல் ஆகிய எல்லாம் தடைகளே. பந்தல் போடாதீர் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. மாற்று வழி ஒன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். அவ்வளவே.

பொதுச் சாலையில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது.

வண்டி வருமுன்

பாம்புக்கடி நம் கிராமங்களில் விவசாயிகளையே மிகுதியாகத் தாக்கும் ஆபத்து. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே மருந்து தரப்படுகிறது. ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டிய அவசியம் இல்லை. அதைத் தேடிப் போய் இரண்டாம் ஆளும் கடிபட்டதுண்டு. (அம்மருந்து செய்வதற்குரிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள், மாமல்லபுரத்திற்கு அருகில் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்திவரும் இருளர்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.) கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றும் கூடா. இறுக்கிக் கட்டிய கட்டினால் காலே அழுகிப் போகக்கூடும். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கடிபட்ட உறுப்பு அசையாதபடி கம்பு வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். தரையில் படுத்துறங்குவோரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால் வலியோ வீக்கமோ தெரியாமலிருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சொருகலும் கண்டால், கடித்த அடையாளம் இல்லையென்று இருந்துவிடாமல் உடனே அழையுங்கள். மந்திரிப்பவரிடம் சென்ற பிறகு 108ஐ அழைப்பவர்களை நாம் இன்னும் காண்கிறோம். வரிசையை மாற்றிக்கொள்வது நன்று.

பூச்சிமருந்து விபத்தில் உதவியாளர் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" என்பதே. டப்பாவை மூடி, அதை ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுங்கள். லேபிளில் உள்ள பெயரைக் கொண்டே டாக்டர் சிகிச்சையைத் தீர்மானிப்பார். உப்புநீரும் சாணிக்கரைசலும் ஊற்றி வாந்தியெடுக்கச் செய்வது பழைய பழக்கம். அதனால் மருந்து நுரையீரலில் புகுந்து கேடு பெருகும். தெளிக்கும்போது மயங்கியவராயின் நனைந்த ஆடைகளைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை இல்லாவிடில் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூச்சும் நினைவும் அற்று விழுந்தவருக்கு மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். தொலைபேசியை வைக்காமலிருந்தால் மறுமுனையிலுள்ளவர் அதைச் சொல்லித் தருவார். இதை ஏட்டில் படித்து அறிவதைவிட, ஆம்புலன்ஸ் ஊழியரைப் பள்ளிக்கோ பஞ்சாயத்து அலுவலகத்திற்கோ அழைத்து ஒருமுறை கண்ணால் பார்ப்பது மேல்.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் போலீசு வழக்கு வருமென்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாது என்று 2016இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ் விபத்துற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகவே பணத்திற்காகவும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அடிபட்டவரின் கைகால்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். நெருப்போ வெள்ளமோ நெருங்கினால் அன்றி, ஊழியர் வரும்வரை கழுத்தை அசைக்காமல் அப்படியே காப்பது உத்தமம்.

வண்டி வந்தபின்

வந்தவுடன் ஐம்பது பேர் சூழ்ந்துகொள்வது நம் பாசத்தைக் காட்டலாம், ஆனால் நோயாளிக்குக் காற்றைத் தடுக்கும். ஊரில் மதிப்புள்ள ஒருவர், பஞ்சாயத்து அங்கத்தினராயின் மிகவும் நன்று, கூட்டத்தை விலக்கி நின்று ஊழியருக்கு இடம் செய்து தர வேண்டும். உறவினர் ஒருவர் உடன் செல்லலாம். நோயாளி வழக்கமாக உண்ணும் மாத்திரைகள், பழைய சீட்டுகள், கர்ப்பிணியாயின் தாய் சேய் நலப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதில் சச்சரவு எழுவதுண்டு. அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க, அதைத் தாண்டி ஏன் போகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். மாமன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று வேறு சிலர் பிடிவாதம் செய்வார்கள். தலையில் அடிபட்டவருக்கு ஸ்கேன் வசதியும் அறுவை டாக்டரும் வேண்டும். பாம்பு கடித்தவருக்கு மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள இடம் வேண்டும். இதை அறிந்து, தேவையானால் முன்கூட்டியே தகவல் தந்து அழைத்துச் செல்வது உதவியாளரின் கடமை. அவர் தீர்ப்பை ஏற்பதே முறை.

மிகக் கடினமான நிலை ஒன்றுண்டு. வண்டி வரும்போது உயிர் பிரிந்திருந்தால், உடலை 108 ஏற்றிச் செல்லாது. துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் இதைக் கல்நெஞ்சம் என எண்ணி ஊழியர்மீது பாய்கிறார்கள். கண்ணாடி உடைக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. அந்த வண்டி அடுத்த உயிருக்காகப் புறப்பட வேண்டியிருக்கிறது என்பதை அந்நேரத்தில் குடும்பத்தாருக்குச் சொல்ல முடியாது. அதை ஊர்ப் பெரியவர்தாம் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இனி, இவ்வூழியர்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. சில இடங்களில் வண்டி மரத்தடியிலோ நால்ரோட்டு முனையிலோ நிற்கிறது. பன்னிரண்டு மணி நேரம் அங்கிருக்கும் பெண் உதவியாளருக்குக் கழிப்பறை வேண்டாமா? பூட்டிக் கிடக்கும் கட்டடம் பல பஞ்சாயத்துகளில் உள்ளது. அதில் ஓர் அறை, மின்விசிறி, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றை ஒழுங்கு செய்து கொடுத்தால், அதே வண்டி நம் ஊருக்கு அருகிலேயே நிற்கவும் வாய்ப்பு ஏற்படும். மாவட்டத்திலுள்ள 108 அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திற்கு முன் ஒரு மாலையில், அங்கத்தினர் இருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு எல்லாச் சிற்றூர்களுக்கும் சென்று வரட்டும். எந்த முனையில் பலகை இல்லை, எந்தத் திருப்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தத் தெருவில் வண்டி நுழையாது, எந்த ஓடைப்பாலம் மழைக்காலத்தில் மூழ்கும் என்று அவர் காட்டுவார். அவற்றை எழுதி வந்து கூட்டத்தில் படியுங்கள். பலகைக்கும் விளக்குக்கும் தொகையையும் அன்றே ஒதுக்கிவிடலாம். ஓடைப்பாலத்தை ஒன்றியத்துக்கு எழுதியனுப்புங்கள்.